தளர்வான வீட்டுக் கடன் நாளைய வாங்குநரை இன்றே செலவழித்துவிடுகிறதா? (அமெரிக்கா, 2003–2016)

அளவுகோல்:
அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வால் ஸ்ட்ரீட்டின் பேராசை, மூழ்கிய வங்கிகள், அரசு கொடுத்த மீட்பு நிதி ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நெருக்கடி தணிந்த பிறகும் வீட்டுச் சந்தை ஏன் அத்தனை ஆண்டுகள் படுத்தே கிடந்தது என்ற கேள்வியை நாம் போதிய அளவுக்குக் கேட்பதில்லை. 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 12.8 லட்சம் புது வீடுகள் விற்றன. 2011-இல் விற்றவை சுமார் 3 லட்சம். 1963-இல் கணக்கெடுப்புத் தொடங்கியது முதல் அவ்வளவு குறைந்த ஆண்டு வேறில்லை. விலை பெருமளவு இறங்கிவிட்டது, வட்டியும் குறைந்துவிட்டது, ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பதே இந்த இழையின் கேள்வி.

என் கருத்து இதுதான்: கடன் விதிகளைத் தளர்த்துவதால் புதிய வாங்குநர் பிறப்பதில்லை, நாலைந்து ஆண்டு கழித்து வரவேண்டியவர் முன்கூட்டியே வந்துவிடுகிறார், அவ்வளவே. 27 வயதில் வேலையில் சேர்ந்த ஒருவர் முன்பணம் சேர்த்து 32 வயதில் வீடு வாங்குவது இயல்பு என்று வையுங்கள். முன்பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர் 28 வயதிலேயே வாங்கிவிடுவார். அந்த ஆண்டின் விற்பனைக் கணக்கில் ஒருவர் கூடுவார், ஆனால் நான்காண்டுகளுக்குப் பிந்தைய கணக்கில் அதே ஒருவர் குறைவார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டு அறுவடை அமோகம் என்று சொல்லிக்கொண்ட கதை இது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்கூட்டி வந்தவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஏறிய விலையில் அடுத்த ஆண்டும் அதே அளவு விற்க வேண்டுமானால் விதியை மேலும் தளர்த்தியாக வேண்டும். 20 விழுக்காடு முன்பணம் 10 ஆகி, 5 ஆகி, இல்லை என்றே ஆனது. பிறகு பல கடன்களில் வருமானச் சான்று கேட்பதும் நின்றது. 2003-இல் வழங்கப்பட்ட வீட்டுக் கடன்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த சப்பிரைம் கடன் (கடன் வரலாறு வலுவில்லாதவர்களுக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பது), 2005-இலும் 2006-இலும் ஐந்தில் ஒரு பங்கை எட்டியதற்கு இந்த ஓட்டமே காரணம் என்று நினைக்கிறேன்.

தேனருவி:
நல்ல தொடக்கம், ஐயா. எனக்கு ஓர் ஐயம். ஆண்டுதோறும் புதிதாக இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள், திருமணம் செய்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறார்கள். 2005-இல் நாலைந்து ஆண்டு வாங்குநர்களை முன்கூட்டியே இழுத்துவிட்டாலும், 2010-இல் புதிய தலைமுறை அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டாமா?

கருவூலம்:
தேனருவி கேட்டது சரியான கேள்வி. அளவுகோலின் கருத்துக்கு என்னிடம் இதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. மொத்தக் குடும்பங்களில் சொந்த வீட்டில் வாழ்பவை எத்தனை விழுக்காடு என்ற கணக்கை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 1994-இல் அது 64 விழுக்காடாக இருந்தது. கிளின்டன் அரசு 1995-இல் அறிவித்த வீட்டுடைமைத் திட்டம், 2002-இல் புஷ் அறிவித்த சிறுபான்மையினர் வீட்டுடைமை இலக்கு, 2003-இல் நிறைவேறிய முன்பண உதவிச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபின் 2004-இல் அது 69.2 விழுக்காட்டைத் தொட்டது. அதுவே உச்சம்.

ஆனால் மிக மோசமான கடன்கள் கொடுக்கப்பட்டவை 2005-உம் 2006-உம் அல்லவா? தளர்வான கடன் நாளைய வாங்குநரை இழுத்து வந்து வீட்டுக்காரராக்கியது என்றால், அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுடைமை விகிதம் இன்னும் ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை, சற்று இறங்கவே செய்தது. நீங்கள் சொல்லும் வாங்குநர் வரிசை அப்போது கரையவே இல்லை என்றுதான் இந்த எண்ணைப் படிக்க முடிகிறது.

அளவுகோல்:
கருவூலம் காட்டும் அதே எண்ணைத்தான் நான் என் பக்கச் சான்றாகக் கொள்கிறேன். 2004-இன் நடுவிலேயே வாங்கக்கூடியவர் எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். அந்நாட்டில் அப்போது சுமார் 11 கோடிக் குடும்பங்கள் இருந்தன. 64-இலிருந்து 69-க்கு ஏறிய ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் என்றால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்த வரிசை தீர்ந்த பிறகும் கட்டுமான நிறுவனங்கள் நிற்கவில்லை: 2005-இல் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. அவற்றை யார் வாங்கினார்கள்? குடியிருக்க வந்தவர்கள் அல்லர். 2005-இல் விற்ற வீடுகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு முதலீட்டுக்காகவும் 12 விழுக்காடு விடுமுறைக் குடியிருப்புக்காகவும் வாங்கப்பட்டவை என்று அந்நாட்டு வீடு விற்பனை முகவர்களின் தேசிய ரியல்டர்கள் சங்கமே அறிவித்தது. ஐந்தில் இரண்டு வீடுகளில், வாங்கியவருக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது.

அதாவது 2005-இல் விற்பனை எண் உயர்ந்தபோது உடைமை விகிதம் உயராததற்குக் காரணம், புது வாங்குநர் இல்லாத இடத்தில் கடன் பழைய வாங்குநருக்கே இரண்டாவது, மூன்றாவது வீட்டை விற்றதுதான். லாஸ் வேகாஸிலும் ஃபீனிக்ஸிலும் புளோரிடாவின் கேப் கோரலிலும் இது வெளிப்படையாகவே நடந்தது.

தேனருவிக்கு: புதிய தலைமுறை வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு லட்சம் குடும்பங்கள் என்ற அளவிலேயே கூடும், எவ்வளவு கடன் கொடுத்தாலும் அந்த வேகம் கூடாது. அவர்களிலும் எல்லாரும் உடனே வாங்குவதில்லை. ஐந்தாண்டுக் கையிருப்பை இரண்டாண்டில் தீர்த்துவிட்டால் அது மறுபடி சேரக் காலம் எடுக்கத்தான் செய்யும்.

நிலவரி:
கடன் பத்திரங்களைப் படித்துப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு கணக்கை மட்டும் முன்வைக்கிறேன். தளர்வு என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒரு கடனைப் பிரித்துப் பார்ப்பது தெளிவைத் தரும்.

ஆப்ஷன் ஆர்ம் என்று ஒரு வகைக் கடன் இருந்தது. மாதத் தவணையை எவ்வளவு கட்டுவது என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். 3,00,000 டாலர் கடனுக்கு உண்மை வட்டி 6.5 விழுக்காடு என்று கொள்வோம். அந்த மாதத்தின் வட்டி மட்டுமே 1,625 டாலர். ஆனால் குறைந்தபட்சத் தவணையை முதல் ஆண்டில் 1 விழுக்காடு வட்டிக்குக் கணக்கிடுவார்கள். அது சுமார் 965 டாலர். மீதி 660 டாலர் அசலோடு சேரும். குறைந்தபட்சத் தவணை ஆண்டுக்கு 7.5 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது என்று ஒரு வரம்பும் இருக்கும், ஆகவே கடன் வாங்கியவருக்கு நான்கு ஆண்டுகள் பெரிய அதிர்ச்சி எதுவும் தெரியாது. அதற்குள் அசல் 3,30,000 டாலரை நெருங்கிவிடும். அசல் 110 விழுக்காட்டைத் தொட்டதும் சலுகை ரத்தாகி, மிஞ்சிய 26 ஆண்டுகளுக்கு முழுத் தவணை கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் விதித்திருந்தால், அந்தத் தவணை ஏறத்தாழ 2,190 டாலர். 965-இல் தொடங்கியவர் நான்கே ஆண்டில் 2,190 கட்ட வேண்டும், கடனோ வாங்கிய நாளைவிட முப்பதாயிரம் அதிகம்.

விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரை இவர் மறுகடன் (பழைய கடனை அடைத்துவிட்டுப் புதிதாக எடுக்கும் கடன்) எடுத்துத் தப்பித்துக்கொள்வார். 2006-இல் விலை நின்றதும் அந்த வழி அடைபட்டது. சப்பிரைமில் பெருவழக்காக இருந்த, முதல் இரண்டு ஆண்டு மட்டும் நிலையான வட்டி கொண்ட கடன்களுக்கும் இதே கதிதான். சப்பிரைம் கடன் கொடுத்துவந்த நியூ செஞ்சுரி நிறுவனம் 2007 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது முதல் இந்தச் சங்கிலி வெளியே தெரிய ஆரம்பித்தது.

இந்த இழையின் கேள்விக்கு இதிலுள்ள தொடர்பு என்னவென்றால், ஜப்தி ஆன ஒருவரின் கடன் வரலாற்றில் அந்தப் பதிவு ஏழு ஆண்டுகள் நிற்கும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும், அரசு சார்ந்த ஃபேன்னி மே நிறுவனம் ஏற்கும் கடனுக்கு வழக்கமாக ஏழு ஆண்டுக் காத்திருப்பு, எஃப்.எச்.ஏ. என்ற அரசு வீட்டுவசதி அமைப்பின் காப்பீட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு. அளவுகோல் சொன்ன 28 வயதுக்காரர் 2005-இல் வாங்கி 2009-இல் வீட்டை இழந்திருந்தால், இயல்பாக வாங்கியிருக்கக்கூடிய 2009-இல் அவர் வாங்குநர் இல்லை, 2015 வரையிலும் பெரும்பாலும் இல்லை. அவருக்குக் கிடைத்த ஒரு கடன், சந்தையிலிருந்து அவரைப் பத்தாண்டுக்கு எடுத்துவிட்டது. 2007 முதல் 2016 வரை எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு ஜப்தியாகின.

அல்டமாண்ட்வாசி:
நான் கலிபோர்னியாவின் ட்ரேசியில் இருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கே அல்டமாண்ட் கணவாயைத் தாண்டி வரவேண்டிய ஊர். பக்கத்திலேயே மவுண்டன் ஹவுஸ் என்ற புதுக் குடியிருப்பு. 2008 நவம்பரில், வீட்டு மதிப்பைவிடக் கடன் மிகுந்த வீடுகளின் பங்கில் நாட்டிலேயே முதலிடம் என்று செய்தித்தாளில் வந்த இடம் அது: பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீடுகள். இன்று அங்கே நம் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். கணவாய்க்கு அந்தப் பக்கம் விலை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள்தான் பெரும்பாலோர்.

2012-இல் நாங்கள் வீடு தேடியபோது கண்டவற்றைச் சொல்கிறேன். பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் வங்கிக்குச் சொந்தமானவை. வாசற்கதவில் சாவிப்பெட்டி தொங்கும். உள்ளே சமையல் அடுப்பையும் சில இடங்களில் கதவுக் கைப்பிடிகளையும்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டில் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டின் பத்திர வரலாற்றை, சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் கொடுத்தது. 2005-இல் முந்தைய உரிமையாளர் வாங்கிய அதே நாளில் இரண்டு அடமானங்கள் பதிவாகியிருந்தன: விலையில் 80 விழுக்காட்டுக்கு ஒன்று, மீதி 20 விழுக்காட்டுக்கு மற்றொன்று. கைக்காசு ஒரு டாலர்கூட இல்லை.

எங்கள் போட்டியாளர்கள் யார் என்று கேட்டால், இளம் தம்பதியர் அல்லர். ரொக்கமாகக் கொடுத்து வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டாளர்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு வாங்கும் தகுதி இல்லை, ஆகவே அவர்கள் இழந்த வீடுகளை யாரோ வாங்கி அவர்களுக்கே வாடகைக்கு விட்டார்கள். ஃபீனிக்ஸ், அட்லாண்டா போன்ற ஊர்களில் பிளாக்ஸ்டோன் போன்ற முதலீட்டுப் பெருநிறுவனங்கள் இதை ஆயிரக்கணக்கில் செய்தன. எங்கள் எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் 2009-இல் வீட்டை இழந்து, அதே தெருவில் வாடகைக்கு இருந்து, 2017-இல்தான் மறுபடி வாங்கினார். அந்த எட்டு ஆண்டுகளிலும் அவர் வேலையை இழக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கருவூலம்:
உங்கள் எதிர்வீட்டுக்காரர் வேலையை இழக்கவில்லை, ஆனால் பல லட்சம் பேர் இழந்தார்கள். 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார்கள், புதுக் குடும்பங்கள் உருவாவது வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே போயிற்று. அதன் மேல் வங்கிகள் மறுகோடிக்குப் போய், ஃபேன்னி மே ஏற்ற கடன்களின் சராசரி கிரெடிட் ஸ்கோர் 750-ஐத் தாண்டியது. நல்ல வருமானம் உள்ளவருக்கும் கடன் கிடைக்காத காலம் அது. வாங்குநர் வரிசை முன்பே தீர்ந்ததால் ஆள் வரவில்லையா, வந்த ஆளை வங்கி திருப்பி அனுப்பியதா என்பதை நீங்கள் எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?

மேலும், சப்பிரைம் கடன்களில் பாதிக்கு மேல் வீடு வாங்குவதற்கான கடனே அல்ல. ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்கள் ஏறிய மதிப்பின் மீது மறுகடன் எடுத்துச் செலவழித்த பணம் அது. டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டின் மீது எடுக்கும் ரொக்கக் கடன், பழைய கடனையும் சேர்த்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அரசமைப்பிலேயே வரம்பு உண்டு. டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் பெரிய வீழ்ச்சி நிகழவில்லை. வாங்குவோருக்குக் கொடுத்த தளர்வான கடன் அங்கேயும் இருந்தது. ஆகவே குற்றத்தை மறுகடன் மீது வைப்பதே பொருத்தம்.

அளவுகோல்:
டெக்சாஸ் எடுத்துக்காட்டு வலுவானது, அதை நான் ஒதுக்கவில்லை. அங்கே நிலமும் தாராளம் என்பதால் விலை அவ்வளவு ஏறவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் மறுகடன் எடுத்து வீட்டை இழந்தவரும் அடுத்த வாங்குநரே. சிறு வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்கவேண்டியவர் அவர். முதல் வீடு வாங்குபவர் கீழ்ப்படியில் வந்தால்தான் மேலே உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி ஏற முடியும். கீழ்ப்படி ஆட்கள் 2004-க்கு முன்பே ஏறிவிட்டார்கள், நடுப்படியில் இருந்தவர்கள் மறுகடனால் சிக்கிக்கொண்டார்கள். ஒரே சங்கிலியின் இரண்டு இடங்களில் அறுபட்டது.

வேலையின்மையிலிருந்து பிரித்துக் காட்டச் சொன்னீர்கள். நல்லவேளையாக அரசே ஒரு சோதனையை நடத்தியிருக்கிறது. முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை வரிச் சலுகை 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும் என்பது கடைசிக் கெடு. கெடு நெருங்க நெருங்க விற்பனை கூடியது, செய்தித்தாள்கள் சந்தை மீண்டது என்று எழுதின. ஏப்ரலில் எழுதிய ஒப்பந்தங்கள் விற்பனையாகி முடிந்த பிறகு, 2010 ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிட ஏறத்தாழ 27 விழுக்காடு விழுந்து, ஆண்டுக்கு 38 லட்சம் என்ற வேகத்துக்கு இறங்கியது. ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையில் வேலையின்மை அப்படி மாறவில்லை, வங்கி விதிகளும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: ஜூலையிலும் ஆகஸ்டிலும் வாங்கவேண்டியவர்கள் ஏப்ரலிலேயே கையெழுத்திட்டுவிட்டார்கள். 8,000 டாலர் ஒரு சில மாதங்களில் செய்ததை, முன்பணமில்லாக் கடன் பத்தாண்டு அளவில் செய்தது என்பதே என் வாதம்.

தேனருவி:
வரிச் சலுகை எடுத்துக்காட்டு எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. முன்பணம் கட்டாயம் என்று சொன்னால், பரம்பரைச் சொத்து இல்லாதவர் எப்போது வீடு வாங்குவது? கறுப்பினக் குடும்பங்களுக்குக் கடனே மறுக்கப்பட்ட வரலாறு அந்நாட்டில் நீண்டது. தளர்வைக் குறை சொல்வது அவர்களை மறுபடி வெளியே நிறுத்துவதாக ஆகாதா?

நிலவரி:
தளர்வால் மிகுதியாக இழந்தவர்களே அவர்கள்தாம். கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுடைமை 2004-இல் 50 விழுக்காட்டை நெருங்கியது, 2016-இல் 42 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடமும் 43-இலிருந்து 35-க்குக் கீழே போயிற்று. கடைசியாக உள்ளே விடப்பட்டவர்கள் முதலில் வெளியே தள்ளப்பட்டார்கள்.

ஆனால் முன்பணம் இல்லாததுதான் பிழை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கிடைக்கும் வி.ஏ. கடனுக்கும் முன்பணம் கிடையாது. நெருக்கடிக் காலத்திலும் அதில் வாராக்கடன் சப்பிரைமைவிட மிகக் குறைவு, எஃப்.எச்.ஏ.வைவிடவும் குறைவு. காரணம், வரியும் தவணையும் மற்றக் கடன்களும் போக அந்தக் குடும்பத்தின் கையில் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டு, குடும்பத்தின் அளவுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ற ஒரு தொகை மிஞ்சினால்தான் கடன் கொடுக்கிறார்கள். சப்பிரைமில் அந்த ஒரு கணக்கைத்தான் பெரும்பாலும் போடவில்லை. பல கடன்களில் வருமானம் எவ்வளவு என்று விண்ணப்பதாரர் எழுதியதே சான்றாக இருந்தது. பல இடங்களில் அதை எழுதியவர் தரகர், அவருடைய கமிஷன் கடன் முடிந்த அன்றே வந்துவிடும். கடன் கொடுத்த நிறுவனமும் அந்தக் கடனை முதலீட்டுப் பத்திரமாக்கி வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிடும். திருப்பிக் கட்டுவாரா என்று கவலைப்பட வேண்டிய கை அந்த வரிசையில் எங்குமே இல்லை.

கருவூலம்:
அப்படியானால் நாம் ஏறக்குறைய ஓரிடத்துக்கு வந்திருக்கிறோம். தளர்வு என்பதை முன்பணத்தின் அளவாகக் கொண்டால் அளவுகோலின் வாதத்தை நான் பாதி மட்டுமே ஏற்பேன்: 8,000 டாலர் சலுகை போலக் காலத்தை நகர்த்தும், ஆனால் நகர்த்தப்பட்டவர் வீட்டில் நிலைத்துவிட்டால் சில ஆண்டு மந்தத்தோடு அது சரியாகிவிடும். திருப்பிக் கட்டும் வலுவைப் பார்க்காமல் கொடுப்பதைத் தளர்வு என்று கொண்டால், நிலவரி சொன்ன ஏழாண்டுத் தடையும் சேர்ந்துகொள்கிறது. முன்னது விற்பனையை ஒத்திவைக்கிறது, பின்னது வாங்குநரையே அழிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து விவாதித்ததே நமக்குள் வந்த குழப்பம்.

2010-இன் டாட்-ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, திருப்பிக் கட்டும் வலுவைக் கடன் கொடுப்பவர் ஆவணங்களோடு சரிபார்த்தாக வேண்டும் என்கிறது. முன்பணத்துக்கு அது எந்தக் கீழ்வரம்பும் வைக்கவில்லை. என் பழைய கேள்வி மட்டும் நிற்கிறது. வீட்டுடைமை விகிதம் 2016-இன் இரண்டாம் காலாண்டில் 62.9 விழுக்காட்டைத் தொட்டு அதன்பின் ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றத்தில் தடைக்காலம் முடிந்து திரும்பியவர்கள் எவ்வளவு, வேலைச் சந்தை சீரானதால் வந்த புதியவர்கள் எவ்வளவு?

அல்டமாண்ட்வாசி:
நாடு முழுவதற்கும் என்னால் விடை சொல்ல முடியாது. எங்கள் தெருவைப் பொறுத்தவரை 2016-க்கும் 2018-க்கும் இடையில் கைமாறிய வீடுகளை வாங்கியவர்களில், எதிர்வீட்டுக்காரரைப் போல ஒருமுறை இழந்து திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள், கணவாயைத் தாண்டி வந்த புதியவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் எல்லாருமே முப்பது ஆண்டு நிலையான வட்டியைத்தான் கேட்டார்கள்.